அறிமுகமும் ஒரு மூலதனமா?

வாசகர் கேள்வி–பதில்

உறவு வட்டம், படிப்பு, பிழைப்பு ஆகிய மூன்றையும் தொட்டு அண்மையில் வந்த கேள்விகள் இந்த இதழில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: அரசு மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிறேன். கணக்கில் மிக நன்றாகச் செய்யும் பிள்ளைகள்கூட, "எங்கள் ஊர் அண்ணன் இதைத்தான் படித்தார்" என்று சொல்லி ஒரு படிப்பில் சேர்ந்துவிடுகிறார்கள். மதிப்பெண்ணையும் வசதியையும் மீறி அறிமுகம் இத்தனை செல்வாக்குடன் இருப்பது ஏன்? (ஆசிரியை, தாராபுரம்)

பதில்: அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. படிப்புக்குக் கட்டும் பணம் இன்றைக்கே கையை விட்டுப் போகிறது. அதன் பலன் தெரிய நான்கைந்து ஆண்டுகள் ஆகும். அதுவரை எதை நம்பி அடியெடுத்து வைப்பது என்ற கேள்விக்குக் கல்லூரி விளம்பரத் தட்டியில் சிரிக்கும் முகங்கள் விடையாவதில்லை. பக்கத்துத் தெரு அண்ணன் எங்கே வேலைக்குச் சேர்ந்தார், என்ன சம்பளம் வாங்குகிறார், வீட்டுக்கு மாதாமாதம் பணம் வருகிறதா என்பதே அக்குடும்பம் நேரில் சரிபார்த்துக்கொள்ளக்கூடிய ஒரே செய்தியாக இருக்கிறது.

தெரிந்த அண்ணன் ஒருவர் மட்டுமே இருக்கும்போதுதான் கணக்கு தவறிப்போகிறது. டொமினிக்கன் குடியரசில் ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. எட்டாம் வகுப்பு ஆண் பிள்ளைகளிடம், மேல்நிலைப் படிப்பை முடித்தால் எவ்வளவு கூடுதலாகச் சம்பாதிக்க முடியும் என்று கேட்டபோது, அவர்கள் சொன்ன தொகை உண்மை நிலவரத்தைவிட மிகவும் குறைவாக இருந்தது. படித்து முன்னேறியவர் ஏழைகள் வாழும் பகுதியில் தங்குவதில்லை, வீடு மாறிப் போய்விடுகிறார். அங்கேயே எஞ்சி நிற்பவர்களைப் பார்த்துத்தான் பிள்ளைகள் படிப்பின் மதிப்பைக் கணிக்கிறார்கள். சில பள்ளிகளை மட்டும் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து உண்மையான சம்பள விவரத்தைச் சொன்னதும், அந்தப் பிள்ளைகள் அடுத்த நான்கு ஆண்டுகளில் மற்றவர்களைவிடச் சராசரியாக 0.20 முதல் 0.35 ஆண்டு வரை கூடுதலாகப் படித்தார்கள். ஒரு சில நிமிடப் பேச்சுக்கு இது பெரிய பலன்தான். ஆனால் மிகவும் வறிய குடும்பங்களில் இந்தப் பேச்சு பெரிதாக எதையும் மாற்றவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். விவரம் தெரிந்த பிறகும் கையில் காசு வேண்டுமே.

நம் ஊர்ப் பொறியியல் கலந்தாய்வையே பாருங்கள். 2018-இல் அது இணையவழிக்கு மாறியது. சென்னைக்குப் பயணச் செலவு மிச்சம் என்பது பெரிய நன்மை. அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் நேரில் போய்க் காத்திருந்த காலத்தில் பக்கத்து நாற்காலியில் இருந்தவரிடமாவது ஒரு கல்லூரியைப் பற்றி விசாரிக்க முடிந்தது. இப்போது பல வீடுகளில் விருப்பப் பட்டியலைப் போடுபவர் பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவர்தான். கல்லூரி எண்ணும் பாடப்பிரிவின் சுருக்கெழுத்தும் திரையில் ஓட, "எது வரும்னு பாத்துப் போட்டு விடுங்க" என்று சொல்லிவிட்டு அப்பா வெளியே போய் நிற்கிறார். ஒரு தலைமுறையின் வருமானத்தைத் தீர்மானிக்கும் பட்டியல், வரிசையில் காத்திருக்கும் அடுத்தவருக்கு இடம் விட வேண்டிய அவசரத்தில் தயாராகிறது. உங்கள் பள்ளியின் பழைய மாணவர்கள் ஐந்தாறு பேரை, வெவ்வேறு படிப்பு படித்தவர்களாகப் பார்த்து, மே மாதத்தில் ஒரு நாள் வரவழைத்துப் பேச வைத்தால், "ஊர் அண்ணன்" ஒருவர் இருந்த இடத்தில் ஐந்தாறு அண்ணன்களும் அக்காக்களும் வந்துவிடுவார்கள். அதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை.

கேள்வி: எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகச் சொந்தக்காரர் சிபாரிசில்தான் வேலை கிடைத்து வந்தது. பிழைக்க வந்த ஊரில் ஒருவருக்கொருவர் கைகொடுப்பதால் யாருக்கு என்ன கெடுதல்? (வாசகர், தாராவி, மும்பை)

பதில்: கைகொடுப்பதில் கெடுதல் இல்லை. அந்தக் கை எந்தக் கதவை மட்டும் திறந்து விடுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். நீங்கள் மும்பையிலிருந்து எழுதுவதால் உங்கள் நகரத்தையே எடுத்துக்கொள்கிறேன்; இந்தப் பொருளில் உலகத்தில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஆய்வுகளுள் ஒன்று அங்குள்ள தாதர் பகுதியில் நடந்தது.

மும்பையின் பஞ்சாலைகளிலும் துறைமுகத்திலும் ஆள் எடுக்கும் வேலை நெடுங்காலம் ஜாபர் எனப்பட்ட மேஸ்திரிகளிடம் இருந்தது. ஜாபர் தன் ஊர்க்காரரையும் தன் சாதிக்காரரையும் அழைத்து வருவார். வந்தவர் சரியாக வேலை செய்யாவிட்டால் அழைத்து வந்தவரின் பெயர் கெடும் என்பதால், முதலாளிக்கும் இது வசதியான ஏற்பாடாக இருந்தது. இப்படி ஒரு சாதி ஒரு தொழிலில் நிலைகொண்டது. தங்க இடம், அவசரக் கடன், நோய்வாய்ப்பட்டால் கவனிப்பு என அனைத்தும் அதே வட்டத்துக்குள் கிடைத்தன. அரசின் காப்பீடும் வங்கிக் கடனும் எட்டாத ஏழைக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறு எதுவும் இருந்ததில்லை.

பிறகு காலம் மாறியது. 1982 ஜனவரியில் தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய பஞ்சாலை வேலைநிறுத்தத்துக்குப் பின் பல ஆலைகள் மீளவே இல்லை. 1990-களில் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும், ஆங்கிலம் தெரிந்து அலுவலக வேலைக்குப் போகிறவரின் வருமானம் வேகமாக ஏறியது. ஆங்கில வழிப் பள்ளியில் சேர்த்தால் பிள்ளைக்கு நல்லது என்பது எல்லாப் பெற்றோருக்கும் தெரிந்த செய்தியாகிவிட்டது. அப்படியானால் எல்லாச் சாதிகளிலும் ஆங்கில வழிச் சேர்க்கை ஒரே நிலையை நோக்கி நெருங்கியிருக்க வேண்டுமல்லவா?

பொருளியலாளர்கள் கைவன் முன்ஷியும் மார்க் ரோசன்ஸ்வைக்கும் தாதர் பகுதிப் பள்ளிகளில் இருபது ஆண்டுக் காலத்தில் சேர்ந்த மராட்டியக் குடும்பப் பிள்ளைகளின் விவரங்களைத் திரட்டி 2006-இல் வெளியிட்டபோது, அந்த எதிர்பார்ப்பு பாதிதான் பலித்திருந்தது. பெண் பிள்ளைகளிடையே சாதி இடைவெளி விரைவாகக் குறைந்தது. ஆண் பிள்ளைகளிடையே அது அப்படிக் குறையவில்லை. உடலுழைப்புத் தொழில்களில் வலுவான பிடிப்பு உள்ள, அடித்தட்டிலிருந்த சாதிகளின் பையன்கள் தொடர்ந்து மராத்தி வழிப் பள்ளிகளுக்கே அனுப்பப்பட்டார்கள்.

ஆய்வாளர்கள் இதற்குத் தரும் விளக்கம் நுட்பமானது. இத்தகைய உறவு வலைப்பின்னலின் பலம் அதில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு பையன் ஆங்கிலம் படித்து வேறு வேலைக்குப் போய்விட்டால், அவனுக்கு இலாபம். நாளைக்கு அவன் மூலம் வேலை கிடைத்திருக்க வேண்டிய மச்சானுக்கும் சித்தப்பா மகனுக்கும் நட்டம். அதனால் வெளியேறுவதை வட்டம் விரும்புவதில்லை. யாரும் தடியெடுத்துத் தடுப்பதில்லை. "நம்ம பையனுக்கு நம்ம வேலை இருக்கும்போது எதற்கு இந்தச் செலவு" என்ற பேச்சு போதும். பெண்களுக்கு அந்த வட்டம் பெரும்பாலும் வேலை வாங்கிக் கொடுத்ததில்லை. எனவே பிடித்து வைக்கவும் அதனிடம் எதுவும் இல்லை. நெடுங்காலம் ஒதுக்கி வைக்கப்பட்டதாலேயே அந்தப் பெண்கள் புதிய வாய்ப்பை முதலில் எட்டிப் பிடித்தார்கள். இந்த ஆய்வின் மற்ற முடிவுகளை மறந்தாலும் இந்த ஒன்றை என்னால் மறக்க முடிவதில்லை.

உங்கள் கேள்விக்கு நேரடி விடை இதுதான்: தொழில் நிலைத்திருக்கும்வரை சிபாரிசால் கெடுதல் இல்லை. தொழில் நகரும்போது, அதே சிபாரிசு குடும்பத்தை நகரவிடாமல் செய்யக்கூடும். அதற்கான விலையை வேலைக்குச் சேர்ந்தவர் கொடுப்பதில்லை, அவருடைய மகன் கொடுக்கிறான்.

கேள்வி: சாதி வட்டம் படிப்பைத் தடுக்கும் என்பதை ஏற்க முடியவில்லை. எங்கள் ஊரில் பள்ளிக்கூடங்களைக் கட்டியதே எங்கள் சாதிச் சங்கமான உறவின்முறைதானே? (ஓய்வுபெற்ற வணிகர், விருதுநகர்)

பதில்: நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. விருதுபட்டி என்று பெயர் வழங்கிய காலத்திலேயே, நாடார் வணிகர்கள் தங்கள் சரக்குகளின் மேல் தாங்களே விதித்துக்கொண்ட மகமை நிதியைக் கொண்டு பொதுக் காரியங்கள் நடந்தன. 1889-இல் தொடங்கிய சத்திரிய வித்யாசாலை அந்த மரபில் வந்தது. வீடுதோறும் சோறு பொங்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்து, அதைத் திரட்டி விற்றுப் பள்ளியை நடத்தியதால் "பிடி அரிசிப் பள்ளி" என்ற பெயரும் அதற்கு உண்டு. காமராசர் படித்த பள்ளி அது. 1910-இல் நாடார் மகாஜன சங்கமும், 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியும் தோன்றின. அந்த வங்கிதான் 1962 முதல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி.

அப்படியானால் தாதரில் தடையாக இருந்தது விருதுபட்டியில் ஏணியானது எப்படி? என் கணிப்பில் இரண்டு காரணங்கள். தொழிலாளர் வட்டத்தின் சொத்து, ஆலை வாசலில் அதற்கிருந்த இடம். அதிலிருந்து ஒருவர் விலகினால் சொத்து குறைகிறது. வணிகர் வட்டத்தின் சொத்தோ நாணயமும் பணமும். கணக்கு எழுதத் தெரிந்த, கடிதம் வாசிக்கத் தெரிந்த, வெளியூரில் கடை வைக்கத் துணிந்த ஒவ்வொரு பையனும் அதைப் பெருக்குகிறான். ஆகவே அங்கே படிப்பவன் வெளியேறுகிறவனாகத் தெரியவில்லை. இரண்டாவது காரணம் பணக் கணக்குக்கு அப்பாற்பட்டது. கோயிலுக்குள் நுழையக்கூட விடாத இழிவைத் தாங்கி நின்ற சமூகத்துக்குப் பள்ளிக்கூடம் என்பது மானத்தின் கேள்வியாகவும் இருந்தது. 1897-இல் கமுதிக் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்ததும், 1899-இல் அவர்களைக் குறிவைத்துச் சிவகாசிக் கலவரமும் நடந்த காலம் அது என்பதை மறந்துவிட்டு, மகமையை வெறும் சிக்கனத் திட்டமாகப் படிப்பது பொருந்தாது.

கேள்வி: சொந்தத்துக்குள்ளேயே பணம் புரட்டித் தொழில் நடத்துகிறோம். ஊர் வளர்ந்திருக்கிறது. ஆனால் இதையே பொருளாதார அறிஞர்கள் குறையாகச் சொல்கிறார்களாமே? (பின்னலாடை உற்பத்தியாளர், திருப்பூர்)

பதில்: நீங்கள் குறிப்பிடுவது பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் சேர்ந்து உங்கள் ஊரைப் பற்றி எழுதி 2004-இல் வெளியான ஆய்வு. ஏற்றுமதிப் பின்னலாடைத் தொழிலில், அக்கம்பக்கத்து வேளாண்மையிலிருந்து வந்த கவுண்டர் சமூகத்து உற்பத்தியாளர்களையும் வெளியிலிருந்து வந்து தொழில் தொடங்கியவர்களையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். உள்ளூர்க்காரர்கள் தொடக்கத்திலேயே மிகுந்த முதலீட்டுடன் இறங்கினார்கள்; வெளியார் குறைந்த இயந்திரங்களுடன் தொடங்கி, சில ஆண்டுகளில் உற்பத்தியில் அவர்களைத் தாண்டிச் சென்றார்கள். இதிலிருந்து ஆய்வாளர்கள் எடுத்த முடிவு, பணம் யாரிடம் கூடுதலாகப் பலன் தருமோ அவரிடம் போகாமல், யாரை நம்ப முடியுமோ அவரிடம் போனது என்பதாகும்.

இதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கிணற்றுப் பாசனத்தில் சேர்த்த பணத்தை ஒரு விவசாயி, முன்பின் தெரியாதவரின் பனியன் கம்பெனியில் போட்டிருப்பாரா? வங்கியும் நீதிமன்றமும் செய்ய வேண்டிய வேலையை மாமன் மச்சான் உறவு செய்தது. அது இல்லையென்றால் அந்தப் பணம் நிலத்திலும் நகையிலும் முடங்கியிருக்கும் என்பது என் கருத்து. ஆனால் ஓர் ஊர் காலூன்ற உதவும் ஏற்பாடு, அது உச்சத்தைத் தொடுவதற்கும் உதவும் என்று சொல்ல முடியாது. திறமையுள்ள வெளியாள் ஒருவர் கடன் கிடைக்காமல் சிறு அளவிலேயே நின்றுபோவது அவருக்கு மட்டுமான இழப்பன்று. நாடு முழுவதும் இப்படி நிற்பவர்களைக் கூட்டினால் அதுதான் வளர்ச்சியில் விழும் ஓட்டை.

கேள்வி: பணக்கார நண்பர்கள் இருந்தால் ஏழைப் பிள்ளை முன்னேறும் என்று அமெரிக்காவில் கண்டுபிடித்ததாகப் படித்தேன். உண்மையா? (கல்லூரி மாணவர், திருச்சி)

பதில்: சற்று நிதானமாகச் சொல்ல வேண்டிய செய்தி இது. தில்லியில் பிறந்து ஒன்பது வயதில் அமெரிக்காவுக்குப் போன பொருளியலாளர் ராஜ் செட்டியும் அவருடைய குழுவினரும், ஃபேஸ்புக்கிலுள்ள 2,100 கோடி நட்புத் தொடர்புகளை ஆராய்ந்து 2022-இல் வெளியிட்ட முடிவுகள் அவை. ஏழைக் குடும்பத்துப் பிள்ளை, வசதியானவர்களுடன் நட்புக் கொள்ளும் வாய்ப்பு மிகுந்த ஒரு வட்டாரத்தில் வளர்ந்தால், அதாவது வசதியான வீட்டுப் பிள்ளைக்குச் சராசரியாக அமையும் அளவு தொடர்புகள் அமைந்தால், பெரியவராகும்போது அவருடைய வருமானம் சராசரியாக 20 சதவீதம் கூடுதலாக இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். அக்கம்பக்கத்தார் ஒருவருக்கொருவர் எவ்வளவு நெருக்கம் என்பதோ, எத்தனை பேர் தொண்டு செய்கிறார்கள் என்பதோ இந்த அளவுக்கு முன்னேற்றத்தோடு ஒட்டிவரவில்லை. வட்டாரங்களை ஒப்பிட்டுக் கண்ட தொடர்பு இது. ஒரு பணக்கார நண்பரைப் பிடித்துவிட்டால் சம்பளம் கூடிவிடும் என்று யாரும் சொல்லவில்லை.

இன்னொரு பகுதிதான் நமக்கு முக்கியம். இரு தரப்புப் பிள்ளைகளும் நண்பர்களாகாததற்கு, ஒரே பள்ளியில், ஒரே தெருவில் சந்திக்காதது பாதிக் காரணம் என்றால், சந்தித்தும் சேராதது மீதிப் பாதி. நம் நாட்டில் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்குவது முதல் பாதிக்கான மருந்து. அதற்கு முன்பே தில்லியின் வசதியான பள்ளிகளில் நடந்த இத்தகைய சேர்க்கையை ஆராய்ந்த பொருளியலாளர் கௌதம் ராவ், ஏழைப் பிள்ளைகளுடன் படித்த பணக்காரப் பிள்ளைகள் கூடுதல் தாராளமும் பாகுபாடற்ற மனப்போக்கும் கொண்டிருந்ததைக் கண்டார். ஒரே பள்ளியில் சேர்த்துவிட்டு, அந்தப் பிள்ளைகளைத் தனி வகுப்பிலோ தனி வரிசையிலோ உட்கார வைத்தால் இந்தப் பலன் எங்கிருந்து வரும்?

கேள்வி: வேலைத் தொடர்புத் தளமான லிங்க்டுஇன்னில் முன்பின் தெரியாதவர்களைச் சேர்த்து வைப்பதால் பயன் உண்டா? (வாசகர், ஓசூர்)

பதில்: ஓரளவு உண்டு. நெருங்கிய நண்பருக்குத் தெரிந்த வேலை உங்களுக்கும் தெரிந்திருக்கும். தூரத்து அறிமுகம்தான் புதிய செய்தி கொண்டுவரும் என்று சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-இலேயே எழுதினார். லிங்க்டுஇன் தளத்தில் இரண்டு கோடிப் பேரை வைத்து நடந்த சோதனை 2022-இல் அதை உறுதிசெய்தது. ஆனால் மிதமான அறிமுகம்தான் அங்கே அதிகம் பலித்தது. அறவே தெரியாதவரைக் குவிப்பதால் அவ்வளவு பலன் இல்லை.

கேள்வி: எங்கள் குடும்பத்தில் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். "பெண்ணைப் படிக்க வைத்து என்ன ஆகப் போகிறது" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். விசாரிக்க ஆள் இல்லை. (தாய், அரியலூர் மாவட்டம்)

பதில்: சொந்தக்காரர்களின் பேச்சு, படித்து வேலைக்குப் போன பெண்ணை அவர்கள் பக்கத்தில் பார்த்ததில்லை என்பதைத்தான் காட்டுகிறது. ஓர் ஆய்வுக்காகத் தில்லியைச் சுற்றியுள்ள சில கிராமங்களுக்கு, தொலைபேசிச் சேவை நிறுவனங்களுக்கு ஆள் எடுப்பவர்களை மூன்று ஆண்டுகள் அனுப்பிப் பார்த்தார்கள். வேலைக்குப் போகும் வயதுப் பெண்களில் பலர் வேலைக்குப் போனார்கள். அதைவிடக் குறிப்பிடத்தக்கது, வேலைக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லாத சிறுமிகள் பள்ளியில் நீடித்ததாகும். மேற்கு வங்கத்தில் இட ஒதுக்கீட்டால் இரண்டு முறை பெண் தலைவர் அமைந்த ஊராட்சிகளிலும் பெற்றோர் மகள்களைப் பற்றி வைத்திருந்த எதிர்பார்ப்பு உயர்ந்தது. அந்த ஊராட்சிகளில் இளம் பெண்களுக்கான வேலைவாய்ப்பு கூடியதாகத் தெரியவில்லை. கண் முன்னே ஒரு பெண் இருந்தாள், அவ்வளவுதான்.

உங்கள் ஊரில் அந்த முதல் பெண் உங்கள் மகளாகவே இருக்கலாம். இப்போதே செய்ய வேண்டியவை சில உண்டு. முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். ஒற்றைச் சாளர முறையில் பொறியியல் போன்ற தொழிற்படிப்பில் சேர்ந்தால் கல்விக் கட்டணச் சலுகைக்கு அது தேவை. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால், கல்லூரியில் சேர்ந்த பின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். இந்தத் திட்டங்கள் பணத்தை ஈடுகட்டும். விசாரிக்க ஆள் இல்லாத குறையை நீங்களேதான் ஈடுகட்ட வேண்டும். மகள் படித்த பள்ளியின் தலைமையாசிரியரிடம், முந்தைய ஆண்டுகளில் கல்லூரிக்குப் போன மாணவிகளின் பெற்றோரை அறிமுகப்படுத்தச் சொல்லிக் கேளுங்கள். ஒருவரோடு நிறுத்தாமல், வெவ்வேறு கல்லூரிகளில் படிக்கும் மூவரிடமாவது மகளே பேசட்டும். படிப்பு முடித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள், கையில் என்ன சம்பளம் வருகிறது, சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பாதியில் நின்றார்கள், விடுதிக்கும் பேருந்துக்கும் தனியாக எவ்வளவு ஆகிறது என்று கேட்கச் சொல்லுங்கள். இவற்றுக்குக் கல்லூரி அலுவலகம் தரும் பதிலையும் அந்தப் பெண்கள் தரும் பதிலையும் அருகருகே வைத்துப் பார்த்த பிறகு விருப்பப் பட்டியலைப் போடுங்கள். போடும்போது நீங்கள் இருவரும் திரைக்கு முன்னாலேயே உட்கார்ந்திருங்கள்.